கூலியாகக் கைமாறிய கோட்டை

கடப்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டைக்குப் போய்ச் சேரலாம். கோட்டை என்று பழக்கத்தில் சொல்கிறோம். இருப்பவை மதில் துண்டுகள். பூச்சு உதிர்ந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தால் செங்கல் தட்டையாக, மெலிதாக இருக்கிறது. இரண்டு வரிசைக்கு நடுவே உள்ள சுண்ணாம்புக் காரை அநேகமாகச் செங்கல் கனத்துக்கே இருக்கிறது. கீழே கழிமுகம், அதைத் தாண்டி மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். விடுமுறை நாட்களில் கல்யாண ஜோடிகளைப் படம் பிடிக்க வருகிறார்கள். மற்ற நாட்களில் படகுக்காரர்கள் மட்டும்.

இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். பேரூராட்சிக்கும் அதே பெயர்தான். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். சங்க காலத்துப் பெயர் இன்னும் பேருந்துப் பலகையில் ஓடுகிறது. அந்த மண்ணில் எழுப்பிய கோட்டையோ கால் நூற்றாண்டுகூடத் தாங்கவில்லை.

கோட்டையின் வரலாற்றை மூன்று வரியில் சொல்லிவிடலாம். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில், 1736க்கும் 1740க்கும் இடையில் கட்டியது என்பது வழக்கமான கணக்கு. 1750இல் தக்காணத்துச் சுபேதார் முசாபர் ஜங் இதைப் புதுச்சேரி கவர்னர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இதில் நடு வரிதான் எனக்கு உறுத்துகிறது. கோட்டையை ஒருவர் கட்டுவது புரிகிறது, எதிரி இடிப்பதும் புரிகிறது. ஒரு துறைமுகத்தையும் நாணயச் சாலையையும் காக்கக் கட்டிய அரணை, பிரெஞ்சுக் கும்பினியின் அதிகாரி ஒருவருக்கு ஏன் தூக்கிக் கொடுக்கவேண்டும்? செய்த உதவிக்கு நன்றியாக என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த உதவி என்ன, அதற்கு விலை வைத்தது யார் என்று கேட்டுக்கொண்டு போனால், பிளவுபட்ட ஒரு நாட்டின் போரில் வெளியிலிருந்து வந்த படைக்கு உண்மையில் என்ன வேலை என்பது தெரியவரும்.

*

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கர்நாடகத்தைப் பிளந்தது வெள்ளைக்காரன் இல்லை. (அன்று கர்நாடகம் என்றால் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பரப்பு, இன்றைய மாநிலம் அல்ல.) 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியர் தோஸ்த் அலியைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு அவருடைய மருமகன் சந்தா சாகிப் திருச்சிக் கோட்டையில் அவர்களிடம் பிடிபட்டு சதாராவுக்குச் சிறைபோனார். 1742இல் தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலியை, வேலூர்க் கோட்டையில் சொந்த மைத்துனனே தீர்த்துக்கட்டினான். பிறகு சப்தர் அலியின் சிறுவயது மகனும் கொலையானான். ஐதராபாத் நிஜாம் அனுப்பிவைத்த அன்வாருதீன் 1744இல் நவாபானார். தோஸ்த் அலியின் குடும்பம் நவாயத்துகள். வேலூர், வந்தவாசி என்று கோட்டைக்குக் கோட்டை அவர்களுடைய பங்காளியோ மாப்பிள்ளையோ கில்லேதாராக (கோட்டைத் தலைவனாக) உட்கார்ந்திருந்தான். புதிதாக வந்த அன்வாருதீன் அவர்கள் கண்ணுக்கு அந்நியர். 1748இல் கிழ நிஜாமும் இறந்துபோக, அங்கே தக்காணச் சுபேதார் பதவிக்கு மகன் நாசிர் ஜங்குக்கும் மகள்வழிப் பேரன் முசாபர் ஜங்குக்கும் சண்டை. மேலே ஒரு வாரிசுச் சண்டை, கீழே ஒரு வாரிசுச் சண்டை. இரண்டும் முழுக்க முழுக்க உள்ளூர்ச் சரக்கு.

இந்த இடத்தில் கொரியா நினைவுக்கு வருகிறது. 1945 ஆகஸ்டில் இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்து 38ஆம் இணைகோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்; ஐந்தாண்டில் அந்தக் கோட்டின்மேல் போர் மூண்டது. அங்கே பிளவே வெளியிலிருந்து வந்தது. ஆற்காட்டில் அப்படியில்லை. அதனால்தான் ஆற்காட்டைப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன். பிளவு நம்முடையதாகவே இருக்கும்போது வந்தவனுடைய குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதை இங்கேதான் பிரித்துப் பார்க்க முடியும்.

ஐரோப்பியருக்கு முன்பும் வெளியாட்கள் வந்திருக்கிறார்கள். மராட்டியரே வெளியாட்கள்தாம், அவர்கள் குதிரை மிதித்த ஊர்களைக் கேட்டால் நல்ல வார்த்தை வராது. ஆனால் அந்தக் காலத்துப் படையெடுப்புக்கு ஓர் எல்லை இருந்தது. குதிரைக்குப் புல் தீரும், படைக்குச் சம்பளப் பாக்கி ஏறும், மழைக்காலம் வரும். ஒரு தொகையைப் பேசி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். தோற்றவன் கப்பம் கட்டுவான், அல்லது பெண் கொடுப்பான், அல்லது சாவான். எப்படியும் சண்டை ஒரு முடிவுக்கு வரும்.

*

1746இல்தான் கணக்கு மாறியது. ஐரோப்பாவில் ஆஸ்திரிய வாரிசுப் போர் நடந்துகொண்டிருந்தது. அதை முன்னிட்டுப் பிரெஞ்சுக்காரர் அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னையைப் பிடித்தார்கள். பட்டணத்தை உமக்கே தருகிறேன் என்று டூப்ளே அன்வாருதீனுக்குச் சொல்லியிருந்தார், தரவில்லை. நவாபின் மகன் மகபூஸ் கான் சுமார் 10,000 பேருடன் அடையாற்றங்கரையில் நின்றான். எதிரே சில நூறு பிரெஞ்சுக்காரரும் எழுநூறு சிப்பாய்களும். அணிவகுத்து, இடைவிடாமல் சுட்டுக்கொண்டே ஆற்றைக் கடந்து வந்த அந்தச் சிறு கூட்டத்தின் முன் நவாபின் படை கலைந்து ஓடியது.

அன்று மாலையிலிருந்து இந்தக் கடற்கரையில் ஒரு புதுச் சரக்கு விற்பனைக்கு வந்தது என்று சொல்லலாம்: பயிற்சி பெற்ற காலாட்படை. அதுவரை கும்பினிகள் துணி வாங்கின, உப்பும் நெய்யும் ஜரிகையும் ஏற்றின, சலுகைகளுக்குப் பணம் கட்டின. பின்னாளில் டூப்ளேவின் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்கும் 1736ஆம் ஆண்டிலேயே, புதுச்சேரியில் ரூபாய் அச்சிடும் உரிமையை கவர்னர் துமா தோஸ்த் அலியிடம் கேட்டு, காணிக்கை கொடுத்து வாங்கினார். நவாப் கொடுப்பவர், கும்பினி கேட்டு நிற்பது. பதினான்கு ஆண்டு கழித்து, நாணயச் சாலை இருந்த ஆலம்பரையே கும்பினியின் கைக்கு வந்தது. இந்த முறை காணிக்கை கொடுத்தவர் சுபேதார்.

சந்தா சாகிப் சிறைமீண்டு வந்து முசாபர் ஜங்கோடு சேர்ந்தார். டூப்ளே அவர்களுக்குச் சுமார் 400 ஐரோப்பியரையும் ஏறத்தாழ 2000 சிப்பாய்களையும் கொடுத்தார். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் அன்வாருதீன் மாண்டார். மகபூஸ் கான் பிடிபட்டான். இளைய மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். வென்றவர்கள் புதுச்சேரிக்கு வந்து விருந்துண்டு, அந்நகரைச் சுற்றி எண்பது ஊர்களைக் கும்பினிக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

அப்படியானால் ஆக்கிரமித்தவன் பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன் பதிலுக்கு வந்தவன் என்று ஆகுமா? ஆங்கில வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் அப்படித்தான் எழுதினார்கள். நாட்காட்டியை இரண்டு மாதம் பின்னால் புரட்டினால் கதை வேறு. 1749 ஜூனில் ஆங்கிலக் கும்பினி தஞ்சாவூர் வாரிசுச் சண்டையில் இறங்கி, பிரதாப் சிங்குக்கு எதிராக சாகுஜி என்பவரின் பக்கம் நின்று, கொள்ளிடத்து முகத்தில் தேவிக்கோட்டையைப் பிடித்தது. பிடித்த கையோடு பிரதாப் சிங்குடன் சமாதானம் செய்துகொண்டது. கோட்டை கும்பினிக்கு. யாருக்காகப் படை எடுத்ததோ அந்த சாகுஜிக்குப் படிப்பணம். கட்சிக்காரர் வழக்கில் தோற்றார், வக்கீல் வீட்டு மனையோடு திரும்பினார்.

ஆகவே யார் முதலில் என்ற கேள்வியை நான் அதிகம் நம்புவதில்லை. இரண்டு பேரும் ஒரே வியாபாரத்தை ஒரே கோடையில் கண்டுபிடித்தார்கள். டூப்ளே அதைப் பெரிதாகச் செய்தார். ஆங்கிலேயர் அதை நிதானமாகக் கணக்குப் பிள்ளை வைத்துச் செய்தார்கள்.

*

வியாபாரம் எப்படி நடந்தது என்பதுதான் விஷயமே. கும்பினி படை தரும். படைக்குச் சம்பளம் ரொக்கமாக மாதாமாதம் வேண்டும். நவாப் பதவிக்கு உரிமை கொண்டாடுபவனிடம் ரொக்கம் இருக்காது. ரொக்கம் இருந்தால் அவனுக்கு இவர்கள் எதற்கு? எனவே ஒரு சீமையின் வரியை ஈடாக எழுதித்தருவான். அந்தச் சீமை போனதும் அவன் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் தன் ஆட்களுக்குச் சம்பளம் நிற்கும், ஆட்கள் கலைவார்கள், இன்னும் கூடுதலாகக் கும்பினிப் படை தேவைப்படும். அதற்கு இன்னொரு சீமை.

ஆம்பூரில் ஜெயித்த கையோடு சந்தா சாகிப் திருச்சிக்குப் போயிருந்தால் முகமது அலியின் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பது அன்றைக்கே பேசப்பட்டது. அவர் போகவில்லை. படைக்குக் கொடுக்கப் பணமில்லை. பணம் பறிக்கத் தஞ்சாவூருக்குப் போனார். அங்கே மாதக்கணக்கில் பேரம் நடக்க, நாசிர் ஜங் பெரும்படையோடு தெற்கே இறங்கினார், ஆங்கிலேயர் திருச்சிக்கு ஆள் அனுப்பினார்கள். தோற்றவன் தோற்றுமுடிக்கவில்லை. ஒருவன் சரியும்போதெல்லாம் அவனைத் தூக்கி நிறுத்த ஒரு கப்பல்கார முதலாளி இருந்தான். கப்பலுக்குப் பின்னால் இன்னொரு கப்பல் வரும். அந்த முதலாளிக்கு மழைக்காலம் கிடையாது, புல் தீர்வது கிடையாது. 1740இல் மராட்டியர் செய்ததற்கும் 1749க்குப் பிறகு நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். நாட்டைக் கெடுக்க இவ்வளவு போதும்.

1750 டிசம்பர் 16 அன்று செஞ்சிக்குப் பக்கத்தில் நாசிர் ஜங்கை அவரோடு வந்த பட்டாணி நவாபுகளே கொன்றார்கள். முசாபர் ஜங் சுபேதாரானார். புதுச்சேரியில் தர்பார் நடந்தது. கிருஷ்ணைக்குத் தெற்கே உள்ளதெல்லாம் தம் பொறுப்பு என்று டூப்ளே சொல்லிக்கொள்ளும்படி சனதுகள் (அதிகாரப் பத்திரங்கள்) கைமாறின. ஆலம்பரை அந்தக் கொண்டாட்டக் காலத்துக் கொடை. துபாசி ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் முசாபர் ஜங் மன்சப் பட்டமும் செங்கல்பட்டுக் கோட்டையின் கில்லேதார் பதவியும் தந்திருந்தார். பெரம்பூரில் பிறந்த வணிகர் ஒருவர் காகிதத்தில் செங்கல்பட்டுக்குத் தலைவர்! இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஐதராபாத் போகும் வழியில் அதே பட்டாணிகள் முசாபர் ஜங்கையும் கொன்றார்கள். கொடுத்தவர் போய்விட்டார், கொடை நின்றது. கூடப்போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அங்கேயே சலாபத் ஜங்கைச் சுபேதாராக்கினார்.

*

அப்போது பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானத்தில் இருந்தன என்பதைப் பள்ளிக்கூடப் பாடம் சத்தமில்லாமல் தாண்டிப்போய்விடுகிறது. 1748 உடன்படிக்கைப்படி சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு இரு கும்பினிகளும் ஒருவரையொருவர் நேரடியாகச் சுட்டால் அது உடன்படிக்கை மீறல். ஆகவே ஒவ்வொருவரும் தாங்கள் நவாபின் துணைப்படை மட்டுமே என்றார்கள். சண்டை சந்தா சாகிப்புக்கும் முகமது அலிக்கும். நாங்கள் நடுவில் உதவிக்கு நிற்கிறோம். இந்தப் பாவனை அரைகுறையாகவே நின்றது. 1751 ஆகஸ்டு இறுதியில் ஆங்கிலக் கும்பினியின் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியதும், அடுத்த ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப்படை சரணடைந்ததும், சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அகப்பட்டுத் தலை இழந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதைகள்.

நம் பக்கத்துக் கதை அவ்வளவு வீரமானதல்ல. 1752 இலையுதிர்காலத்தில் கோவளம், செங்கல்பட்டுக் கோட்டைகளைப் பிடிக்க கிளைவோடு அனுப்பப்பட்டவர்கள் லண்டன் தெருக்களிலிருந்து திரட்டி, அப்போதுதான் கப்பலிறங்கிய இருநூறு புதுச் சிப்பாய்கள். கோவளத்தில் ஒரு குண்டுக்கு ஒருவன் விழ, மிச்சப்பேர் திரும்பி ஓடினார்கள். பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிய ஒருவனை வெகுநேரம் தேடி, கடைசியில் ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள். கோவளம் விழுந்தது, செங்கல்பட்டும் விழுந்தது. யாருடைய சண்டை என்று தெரியாமல், எந்த ஊர் என்றும் தெரியாமல் கிணற்றுக்குள் உட்கார்ந்திருந்த அந்த லண்டன் பையனை நினைக்காமல் என்னால் இந்தப் போரைப் படிக்க முடிவதில்லை. ஆக்கிரமிப்பு அரசு என்று சொல்லும்போது ராஜாக்களும் தளபதிகளும் மனசில் வருகிறார்கள். கூலிக்கு வந்தவன் கிணற்றில் இருக்கிறான்.

உள்ளூர்க்காரர்களும் ஏமாளிகள் இல்லை. திருச்சியைத் தருகிறேன் என்று சொல்லி முகமது அலி மைசூர்த் தளவாய் நஞ்சராஜரைத் தன் பக்கம் இழுத்தார். வேலை முடிந்ததும் தரவில்லை. நஞ்சராஜர் பிரெஞ்சுப் பக்கம் போனார். அதனால் திருச்சியைச் சுற்றி இன்னும் இரண்டு வருஷம் சண்டை.

*

இந்தக் கடற்கரையில் போரைப் பேசித்தீர்க்க ஒரு முயற்சியும் நடந்தது. 1754 ஜனவரியில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில். டச்சுக்காரரின் கோட்டை ஆதலால் பொது இடம். இன்று கல்பாக்கத்தை ஒட்டி நிற்கும் அந்தக் கோட்டையைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆங்கிலேயர் தரப்பில் வான்சிட்டார்ட், பாக். பிரெஞ்சுத் தரப்பில் பாதிரியார் லவோர், கெர்ஜான், பொசே. கர்நாடகத்தின் நவாப் யார் என்று முடிவுசெய்ய உட்கார்ந்த ஐந்து பேரில் ஒருவர்கூடக் கர்நாடகத்துக்காரர் இல்லை.

பேச்சு முழுக்கக் காகிதத்தைப் பற்றியது. முசாபர் ஜங்கும் சலாபத் ஜங்கும் கொடுத்த சனதுகளையும் தில்லிப் பாதுஷாவிடமிருந்து வந்ததாக ஒரு கடிதத்தையும் பிரெஞ்சுக்காரர் மேஜைமேல் வைத்தார்கள். ஆங்கிலேயர் முத்திரையைச் சந்தேகித்து, போலி என்றார்கள். உங்கள் முகமது அலிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டதற்கு, அதெல்லாம் திருச்சியில் இருக்கிறது என்றார்கள். பேச்சு முறிந்தது. உயிரோடு இருக்கும் எந்தப் பாதுஷாவின் உத்தரவையும் மதிக்கும் எண்ணம் இரண்டு தரப்புக்கும் இல்லை. ஆனால் இரண்டு தரப்புக்கும் காகிதம் தேவைப்பட்டது. காகிதம் இருந்தால் துணைப்படை, இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பு. (பாக் என்ற அந்த ராபர்ட் பாக் பின்னால் சென்னை கவர்னரானார். ராமேசுவரத்து மீனவர்கள் எல்லை தாண்டினார்கள் என்று பிடிபடும் நீரிணைக்கு அவர் பெயர்தான்.)

இருநூற்றிருபது ஆண்டுகள் கழித்து ஐ.நா. பொதுச்சபை, 1974 டிசம்பர் 14ஆம் தேதித் தீர்மானத்தில், ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்று பட்டியல் போட்டது. படையெடுப்பு, குண்டுவீச்சு, துறைமுக முற்றுகை எல்லாம் அதில் உண்டு. ஆயுதக் கும்பல்களையும் கூலிப்படைகளையும் இன்னொரு நாட்டுக்குள் அனுப்புவதும் உண்டு. என் கண்ணில் முக்கியமாகப் படுவது வேறொரு பிரிவு: அழைப்பின்பேரில் வந்த படை, ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை மீறினாலும், காலம் கடந்து தங்கினாலும் அதுவும் ஆக்கிரமிப்பே. அழைப்புக் காகிதம் நிரந்தர அனுமதி ஆகாது என்று உலகம் எழுத்தில் ஒப்புக்கொள்ள அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இந்த அளவுகோலைப் பிரெஞ்சுக்காரனுக்கும் ஆங்கிலேயனுக்கும் மட்டும் வைத்துவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழ் இயக்கங்களுக்கு இந்தியா பயிற்சியும் ஆயுதமும் தந்தது. 1987 ஜூலை 29 உடன்படிக்கையின்பேரில், கொழும்பின் ஒப்புதலோடு அமைதிப்படை போனது. அக்டோபரில் அந்த இயக்கங்களில் ஒன்றான விடுதலைப் புலிகளோடு போர். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டதை அங்கே யாரும் மறக்கவில்லை. 1989 ஜூனில் ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை இறுதிக்குள் வெளியேறுங்கள் என்றார். கடைசி வீரர்கள் கப்பலேறியது 1990 மார்ச்சில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பவே இல்லை. இந்தியா டூப்ளே அல்ல. வடக்கில் எந்தச் சீமையின் வரியையும் எழுதிவாங்கவில்லை. ஆனாலும் பிளவு அவர்களுடையது, படை நம்முடையது, அது அந்தச் சண்டையை முடிக்கவில்லை என்கிற அளவில் சதுரங்கப்பட்டினத்து மேஜையில் நமக்கும் ஒரு நாற்காலி உண்டு.

*

சதுரங்கப்பட்டினம் முறிந்த அதே 1754இல் இரண்டு அரசுகளும் கும்பினி முகமூடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தன. இங்கிலாந்து தன் போர்க்கப்பல்களோடு மன்னருடைய 39ஆம் காலாட்படையை அனுப்பியது. இந்தியாவுக்கு முதலில் வந்தவர்கள் என்று அந்தப் படைப்பிரிவு பிற்காலத்தில் பட்டமே சூட்டிக்கொண்டது. பிரான்சு செலவு தாங்காமல் டூப்ளேவைத் திருப்பி அழைத்தது. சுதேச மன்னர்களின் வழக்குகளில் தலையிடுவதில்லை என்று இரு கும்பினிகளும் டிசம்பரில் கையெழுத்திட்டன. மை காய்ந்த சில மாதங்களில் ஆங்கிலக் கும்பினியின் படை முகமது அலிக்காக வரி தண்ட மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கிளம்பிவிட்டது. அங்கே பாளையக்காரர் பூலித்தேவர் காத்திருந்தார். அது தனிக் கதை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார், கடலூரைப் பிடித்தார், சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றார். 1759 டிசம்பரில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் கருங்குழியைப் பிடித்தார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் லாலியைத் தோற்கடித்தார். மார்ச்சில் பெருமுக்கல் விழுந்தது, அடுத்து ஆலம்பரை. புதுச்சேரிக்குக் கடல்வழியாக எதுவும் போய்ச்சேராதபடி ஒவ்வொரு துறையாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். பத்து வருஷம் முன்பு கூலியாகக் கிடைத்த கோட்டை, மறுபடி யாரும் கூலியாகக் கேட்க முடியாதபடி இடிந்தது. 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி பட்டினி கிடந்து சரணடைந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகியிருந்தார்.

முகமது அலி ஜெயித்துவிட்டார். இனி கணக்குத் தீர்க்கவேண்டும். சென்னைக் கும்பினி போர்ச்செலவை அவர் பேரில் எழுதியது. புதுச்சேரியை முற்றுகையிட்ட செலவும் அவர் கணக்கில்தான். கடன் தீரும்வரை ஆண்டுக்கு 28 லட்சம் ரூபாயும், திருச்சிக் காவற்படைக்கு 3 லட்சமும் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

1763 பிப்ரவரியில் பாரிசில் சமாதான உடன்படிக்கை. அதன் 11ஆம் பிரிவில் இங்கிலாந்து மன்னரும் பிரான்சு மன்னரும் முகமது அலி கானைக் கர்நாடகத்தின் சட்டபூர்வ நவாபாகவும் சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சட்டபூர்வச் சுபேதாராகவும் ஏற்றுக்கொண்டார்கள். சதுரங்கப்பட்டினத்தில் முத்திரையில் மாட்டிக்கொண்ட கேள்விக்குத் தில்லியைக் கேட்காமலே விடை எழுதிவிட்டார்கள். இதில் ஒரு விபரீதம். அவர்கள் சுபேதாராக ஏற்றுக்கொண்ட நாளில் சலாபத் ஜங் பீதார் கோட்டையில் சிறையில் இருந்தார். தம்பி நிஜாம் அலி முந்தின ஆண்டே அவரை இறக்கிவிட்டிருந்தார். இப்படி ஒரு பட்டயம் வெளிநாட்டில் கையெழுத்தானபின் சிறையில் இருப்பவரை விட்டுவைப்பது ஆபத்து. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் உயிர் போனது.

அதே 1763இல் முகமது அலி கடனுக்கும் கைம்மாறுக்குமாகக் கும்பினிக்கு ஒரு பெரிய ஜாகிர் (வரி வருமானத்துக்கான நிலப்பகுதி) எழுதிக்கொடுத்தார். அது ஏறத்தாழ இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகள். அதன்பின் நெடுங்காலம் ஆங்கிலேயர் கோப்புகளில் நம் சீமைக்குப் பெயரே ஜாகிர்தான். கும்பினி முதலில் செய்த வேலை எண்ணிப்பார்த்தது. 1767இலிருந்து 1774வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராகப் போய் ஏரி, நிலம், வீடு, சாதி, மானியம், களத்தில் யார் யாருக்கு எத்தனை மரக்கால் என்று எல்லாவற்றையும் பதியவைத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதினார்கள். அந்தக் கணக்கை இன்று படிக்கிறவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் ஊரின் வளத்தைக் கண்டு வியக்கிறார்கள், வியக்கத்தான் வேண்டும். அது எதற்காக எடுத்த கணக்கு என்பதையும் சேர்த்து வியக்கலாம்.

முகமது அலி ஆற்காட்டில் இருக்கவில்லை. ஜார்ஜ் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், சேப்பாக்கத்தில் 1768இல் அரண்மனை கட்டிக்கொண்டு, கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கி வாழ்ந்தார். அந்தக் கடன்களின் ஊழல் 1785இல் லண்டன் நாடாளுமன்றம்வரை போய், எட்மண்ட் பர்க் மணிக்கணக்கில் பேசினார். 1801 ஜூலை 31 அன்று கர்நாடகம் முழுவதும் கும்பினிக்குப் போனது.

அதற்கு முன் இன்னொன்று நடந்தது. ஜாகிரை வாங்கிய கும்பினிக்கு அப்போது அதை நேரடியாக நிர்வகிக்க ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை. அதைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரர் முகமது அலிதான். தான் கொடுத்த செங்கல்பட்டுச் சீமைக்குத் தானே ஆண்டுதோறும் கும்பினியிடம் குத்தகைப் பணம் கட்டிக்கொண்டு, 1780இல் ஐதர் அலியின் குதிரைகள் வந்து சேரும்வரை, சட்டபூர்வ நவாப் வரி தண்டினார்.